முன் சீட் இல்லாத ஜீப்

போன வாரம் பெரியமுத்துவை ஜீப்புக்கு அடியில் படுக்க வைத்துவிட்டு வந்தோம். பாவம், ஒரு வாரமாக அப்படியே கிடக்கிறாரே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். மனிதர் எழுந்து, குளித்து, விடிவதற்கு முன்பே சோறும் ஆக்கிவிட்டார்.

புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெரியமுத்து தேவிகுளத்துப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் லாரி டிரைவர். ஒரே மகள் பூமாரி. அவர் லோடு ஏற்றிக்கொண்டு கொச்சிக்குப் போயிருந்த சமயம், மனைவி அழகுத்தாய் அந்தப் பெண்ணை ஆனைக்கரைக்கு மேலே ஏலக்காட்டில் இருக்கும் நல்லதம்பிக்குப் பேசி முடித்துவிட்டாள். பெண்ணுக்கும் அவனைப் பிடித்திருந்தது. பெரியமுத்துவுக்குத்தான் பிடிக்கவில்லை. அவர் கல்யாணத்துக்கே போகவில்லை.

போன வருஷம் அழகுத்தாய் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். சாவுக்கு வந்த மருமகன், எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்து வீட்டுக்கு வெளியே மழையில் நின்றான். உள்ளே வா என்று மாமனார் சொல்லவில்லை. மகள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். காரியம் முடிந்த கையோடு புருஷனைக் கூட்டிக்கொண்டு மலையேறியவள் திரும்பி வரவே இல்லை.

அதற்கப்புறம் அந்த ஒற்றை அறையில் அவரும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும்தான். சாயங்காலம் வேலை விட்டு வந்தால் கதவைத் திறப்பதற்கே கை வராது. பேச ஆள் இல்லாத மனிதன் எதையாவது பிரித்துப் போட்டுத்தானே ஆக வேண்டும்? பட்டாளத்தில் கழித்துவிட்ட ஒரு பழைய ஜீப்பை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்து, லயத்துக்குப் பின்னால் நிறுத்திப் பிரித்துப் போட்டார். பூமாரி உண்டாகியிருக்கிறாள் என்று பஸ் கண்டக்டர் ஒருவர் மூலம் சேதி வந்த அன்றிலிருந்து, அந்த ஜீப்புக்கு ஒரே ஒரு வேலைதான் என்று முடிவாயிற்று. மகள் இருக்கும் மேட்டுக்கு ஏறிப் போக வேண்டும். அவளைத் தலைப் பிரசவத்துக்கு வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும்.

அந்த மேட்டுக்கு ரோடு கிடையாது. தலைச்சுமைக்காரர்கள் நடந்து நடந்து உண்டான தடம்தான். அதனால் ஸ்பிரிங்கில் கூடுதலாக இரண்டு பட்டை சேர்த்து ஜீப்பின் உடம்பை ஒரு சாண் உயர்த்தினார். மேடு பள்ளம் பிடிக்கிற பட்டன் டயர் போட்டார். ஓடையில் இறங்கினால் தண்ணீர் ஏறாமலிருக்க, சைலன்சர் குழாயைப் பக்கவாட்டில் புகைபோக்கி போலத் தூக்கி நிறுத்தினார். பின்னால் ஒரு கட்டில் செய்தார். சும்மா கட்டில் இல்லை. லாரி சீட்டின் சுருள் கம்பிகள் மேல் இரும்புச் சட்டம் வைத்து நாடா பின்னிய கட்டில். பிள்ளைத்தாய்ச்சி குலுங்காமல் காலை நீட்டிப் படுத்து வரலாம். ஆனால் அந்தச் சின்ன ஜீப்பில் ஆள் நீளத்துக்குக் கட்டில் ஏது? டிரைவருக்குப் பக்கத்து சீட்டை அறுத்து எடுத்துவிட்டார். கட்டிலின் தலைமாடு அந்த இடத்துக்கு வந்தது. லொடலொடக்கக் கூடாதென்று சட்டத்தைத் தரையோடு வெல்டிங்கும் வைத்துவிட்டார்.

இன்று தீபாவளிக்கு முதல் நாள்.

புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல். பெண்ணை அழைக்கப் போகிற வீட்டார் ஐந்து வகைச் சோறு ஆக்கிக் கொண்டு போக வேண்டும் என்பது முறை. அதை ஆக்க நாலு பொம்பளைகள் கூடிச் சிரிப்பும் சத்தமுமாக இருக்கும். பெரியமுத்து ஒற்றை அடுப்பில், ஒற்றை ஆளாக, ஒன்று மாற்றி ஒன்று ஆக்கினார். புளிச்சோற்றுக்கு உப்புப் போட்டோமா இல்லையா என்று கேட்டுக்கொள்ளக்கூட ஆள் இல்லை. சந்தேகத்துக்கு இன்னொரு முறை போட்டார்.

தங்கை குருவம்மாள் அதே எஸ்டேட்டில் பக்கத்து டிவிஷனில் இருக்கிறாள். கூட வரச் சொல்லி நேற்றே கேட்டிருந்தார். அவள் புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்து, தூக்குச் சட்டிகளை எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏண்ணே, மருமகனுக்கு வேட்டி துண்டு எங்க?"

"எதுக்கு?"

"எதுக்கா? சீர் கொண்டு போற வீட்டுக்கு வெறுங்கையோட போவாகளா? தலை தீபாவளிக்கும் ஒண்ணும் செய்யலை. நாளைக்குத் தீபாவளி வேற."

"நான் எம் மகளைக் கூப்பிடப் போறேன். கண்டவனுக்கெல்லாம் வேட்டி எடுக்கப் போகலை."

குருவம்மாள் சேலைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகினாள்.

"கண்டவனா? அவன் ஒன் மக புருசன். நீ செத்தா கொள்ளிச் சட்டி தூக்குறதுக்கும் அவன்தான். நீயே போயிட்டு வாண்ணே. நான் வரலை."

போய்விட்டாள். இவரும் கூப்பிடவில்லை. வீம்பு என்ற சரக்கு மட்டும் அந்த மனிதரிடம் குறைவில்லாமல் இருந்தது. மற்ற எல்லாம் குறைந்துபோன பிறகும்.

ஆனைக்கரை வரும்போது உச்சி வெயில். கடைகளெல்லாம் பாதி மூடிக் கிடந்தன. ஏலக்காய் பறிக்கிற ஜனம் மொத்தமும் தீபாவளிக்குக் கம்பத்துப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. லாரி லாரியாக, பாட்டும் கூச்சலுமாக எதிரே போனார்கள். மலையை விட்டு எல்லாரும் இறங்க, இவர் ஒருவர் மட்டும் ஏறினார்.

"பாத்துக்க, எல்லாப் பயலும் ஊருக்குப் போறான்" என்றார் ஜீப்பிடம். இப்போதெல்லாம் அதனிடம்தான் பேசுகிறார். அது பதிலுக்கு உறுமியது. அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

தடம் தொடங்கியதும் நாலு சக்கரத்துக்கும் கியர் போட்டார். ஓடையில் தண்ணீர் ஆக்ஸிலுக்கு மேல் ஓடியது. ஜீப் தயங்காமல் இறங்கி, தயங்காமல் ஏறியது. பெரியமுத்துவுக்கு நெஞ்சு நிறைந்தது. திரும்பிப் பார்த்தார். கட்டிலில் தூக்குச் சட்டிகள்தான் இருந்தன.

மலை ஜீப்புகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. செங்குத்தான ஏற்றத்தில் முன் சக்கரம் மேலே தூக்கும். அப்போது நாலு பேர் முன்னால் பம்பரிலும் பானட்டிலும் ஏறி உட்கார்ந்து அமுக்கிக்கொள்வார்கள். அதனால்தான் எந்த ஜீப்பும் அங்கே தனியாகப் போகாது. பெரியமுத்துவுக்கு நாலு பேருக்கு எங்கே போவது? பம்பரில் ஓர் இரும்புப் பெட்டி அடித்து, அதில் கல்லை நிரப்பியிருந்தார்.

கடைசி ஏற்றத்தில் கல் பத்தவில்லை. முன் சக்கரம் இரண்டும் மண்ணை விட்டு எழும்பின. என்ஜின் அணைந்தது. ஜீப் பின்னால் உருண்டு, ஒரு பாறையில் இடித்து நின்றது. அடியில் எதுவோ தெறித்த சத்தம் கேட்டது. மறுபடி முடுக்கினார், மறுபடி தூக்கியது. மகள் வீட்டுப் புகை மேலே தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான், ஆனால் அவர் கூப்பிடவில்லை.

என்ஜின் சத்தம் கேட்டு ஏலச்செடிகளுக்குள்ளிருந்து ஓர் ஆள் வந்தான். கையில் அரிவாள், இடுப்பில் ஈரச் சாக்கு. நல்லதம்பி.

அவன் சக்கரத்தைப் பார்த்தான், ஏற்றத்தைப் பார்த்தான். "வாங்க மாமா" என்று மட்டும் சொன்னான். அரிவாளைக் கீழே வைத்துவிட்டு பானட்டின் மேல் ஏறி, அவரைப் பார்த்தபடி சப்பணம் போட்டு உட்கார்ந்து, இரு பக்கமும் கையால் பிடித்துக்கொண்டான்.

முன் கண்ணாடியை அவர் காலையிலேயே மடக்கிக் கட்டிவிட்டிருந்தார். ஆகவே இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றுமில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து மூன்று வருஷமாகப் பார்க்காமல் தவிர்த்த முகம் ஒரு கை தூரத்தில் இருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. சரியாகத் தூங்கியே நாளாகியிருக்கும் போல் கண் சிவந்திருந்தது. பெரியமுத்து அவன் காதுக்குப் பக்கத்தில் தெரிந்த மண்ணை மட்டும் பார்த்து ஓட்டினார். ஜீப் ஏறிவிட்டது.

பூமாரி வாசலில் நின்றாள். நிறைமாத வயிறு. அம்மா சாயல் முழுவதும் வந்துவிட்டிருந்தது.

"யப்பா" என்றாள். தூக்குச் சட்டிகளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

சோற்றை வாழையிலையில் வைத்தாள். புளிச்சோற்றை ஒரு வாய் வைத்தவள் அப்படியே நின்று, பிறகு விழுங்கினாள்.

"நீங்களாப்பா ஆக்குனீக?"

"உப்புக் கூடிப்போச்சா?"

"இல்லப்பா. நல்லா இருக்கு." கண் கலங்கியது. "அத்தை வரலையா?"

"அவளுக்குச் சோலி" என்றார். "வா தாயி, வண்டியப் பாரு."

சின்னப் பையன் போல ஜீப்பைச் சுற்றிக் காட்டினார். பட்டையைக் காட்டினார், சைலன்சரைக் காட்டினார். கட்டிலைக் கையால் அமுக்கி, அது மெத்தென்று ஏறி இறங்குவதைக் காட்டினார். அவளும் சிரித்தாள். எவ்வளவு நாளைக்கப்புறம் ஒரு சிரிப்பு. சிரித்துக்கொண்டே வந்தவள் முன்பக்கம் வந்ததும் நின்றாள்.

"அவுக எங்கப்பா உக்காருவாக?"

பெரியமுத்துவுக்கு முதலில் புரியவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதருக்கு அந்த யோசனை ஒரு நாள்கூட வந்ததில்லை. வந்திருந்தால் வேண்டுமென்றே செய்தார் என்றாவது திட்டிவிட்டுப் போகலாம்.

"அவன் எதுக்கு? தலைப் பிரசவத்துக்குப் பொண்ணைத்தான் கூப்பிடுறது. புருசன் கூட வர்ற வழக்கம் ஏது?"

"வழக்கம்னா ஏழாம் மாசமே வந்திருக்கணும். அஞ்சு பொம்பளைக வந்திருக்கணும். அவுகளுக்கு ஒரு துண்டாவது வச்சிருக்கணும்."

"நடந்து வரட்டும். பஸ்ஸுல வரட்டும். நானா வேண்டாம்கிறேன்?"

"மேல ஏற அவுக வேணும். எறங்குறப்ப வேண்டாமாப்பா?"

நல்லதம்பி, "விடு புள்ள" என்றான். அவள் விடவில்லை.

"ஒரு ஆளு உக்கார்ற எடத்தை அறுத்துப் போட்டுட்டு வந்திருக்கீக. நான் வரலைப்பா. அவுக இல்லாம இந்த மேட்டை விட்டு எறங்க மாட்டேன்."

"அப்ப நான் எதுக்கு வந்தேன்?" என்றார். பதில் வருவதற்குள் வண்டியில் ஏறிவிட்டார்.

ஏறிவிட்டாரே ஒழிய, போகிற இடம் எது? அந்த ஒற்றை அறையும் அடுப்பும்தானே. நாளைக்குத் தீபாவளி. லயம் முழுக்க வெடியும் எண்ணெய்க் குளியலுமாக இருக்கும். இவர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்க வேண்டும். அதை நினைத்ததும், ஐம்பது வயது தாண்டிய அந்த மனிதருக்கு அழுகை வந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

இறக்கத்துக்கு முன்னால் பிரேக்கை மிதித்துப் பார்த்தவர் சட்டென்று நிறுத்தினார். கால் மெத்தென்று உள்ளே போயிற்று. இரண்டு மூன்று தரம் அடித்தால்தான் பிடித்தது. இறங்கிக் குனிந்து பார்த்தார். உடம்பை ஒரு சாண் தூக்கியபோதே பிரேக்கின் ரப்பர் குழாய் இழுத்துக்கொண்டு நின்றது. தெரிந்துதான் விட்டிருந்தார். மகளுக்குக் கட்டில் செய்கிற அவசரத்தில் அது சின்ன விஷயமாகப் பட்டது. பாறையில் இடித்ததில் குழாய் கீறி எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

நிமிர்ந்தபோது நல்லதம்பி நின்றான். தோளில், இறக்கத்தில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு மரக்கட்டை.

"பிரேக் சரியில்லையா மாமா?"

அவர் கையிலிருந்த எண்ணெயைத் துண்டில் துடைத்தார்.

"ஒண்ணு சொல்லணும். சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா." அவன் கட்டையைக் கீழே வைத்தான். "முந்தாநாளு மருத்துவச்சி வந்து பாத்துச்சு. புள்ள குறுக்க கெடக்காம். இங்க வச்சுப் பாக்க முடியாது, வலி காணுறதுக்குள்ள கம்பத்து ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருங்கன்னு சொல்லிருச்சு. காலையிலருந்து இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறா. கேட்டா வாயுங்கிறா."

பெரியமுத்து ஓர் அடி முன்னால் வந்தார். "ஏண்டா தூக்கிட்டுப் போகலை?"

"யாரு மாமா தூக்க? கம்பளியில கட்டித் தூக்கணும்னா ஆறு பேராவது வேணும். எல்லாப் பயலும் தீபாவளிக்குப் போயிட்டான். மலையில நானும் அவளும்தான்." அவன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "நீங்க திரும்பி வந்து கூட்டிட்டுப் போயிருங்க. நான் பின்னாலயே வாரேன்னு பொய் சொல்லி ஏத்தி விட்டுர்றேன். எனக்கு எடம் வேண்டாம் மாமா. அவ பொழைச்சா போதும்."

கிழக்கே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. ஐப்பசியில் பிற்பகல் மழை தப்பாது. மழை பிடித்தால் ஓடை ஏறிவிடும். பிறகு பட்டன் டயரும் புகைபோக்கியும் ஒன்றுக்கும் உதவாது.

இருவரும் திரும்பி வந்தபோது பூமாரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதட்டைக் கடித்திருந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏன் தாயி எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா என்னைத் தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடிருப்பீக. அவுகளை விட்டுட்டு." இப்போது அவள் சின்னப் பெண் போல அழுதாள். "எனக்குப் பயமா இருக்குப்பா. வழியில என்ன ஆனாலும் அவுக பக்கத்துல இருக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

பெரியமுத்து கட்டிலைப் பார்த்தார். கழற்றலாமென்றால் போல்ட் போட்டதல்ல, வெல்டிங் வைத்தது. அவ்வளவு உறுதியாகச் செய்திருந்தார்.

"இந்தா பாரு தாயி. ஒண்ணும் மறைக்கலை. பிரேக் பாதிதான் பிடிக்குது. எறக்கத்துல சக்கரத்துக்குக் கட்டை போட ஒரு ஆளு முன்னால போகணும். ஒம் புருசன் இல்லாம இந்த வண்டி எறங்காது." அவர் நல்லதம்பியைப் பார்த்தார். இந்த முறை கண்ணைப் பார்த்தார். "தார் ரோட்டுக்குப் போயிட்டா அந்தக் கல்லுப் பெட்டிய காலி பண்ணிட்டு அதுல உக்காரட்டும். இல்லேன்னா என் மடியில உக்காரட்டும்."

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வலியும் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து அவளைத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தார்கள்.

லாரியாக இருந்தால் கிளீனர் பக்கத்திலேயே ஓடிவந்து கட்டை போடுவான். இந்தத் தடத்தில் பக்கம் என்பதே கிடையாது. ஒருபுறம் மண் சுவர், மறுபுறம் பள்ளம். கட்டை போடுகிறவன் சக்கரத்துக்கு நேர் முன்னால்தான் நடக்க வேண்டும். வண்டியைப் பார்த்தபடி, பின்னாலேயே கால் வைத்து இறங்க வேண்டும். வண்டி கைவிட்டுப் போனால் அவன் ஒதுங்க இடம் இல்லை.

நல்லதம்பி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, கட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றான். முதல் தூறல் விழுந்தது.

பெரியமுத்து கீழ் கியரைப் போட்டார். காலைப் பிரேக்கில் வைத்தார். இவன் மட்டும் இல்லாமல் போனால் மகள் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று, தனியாகப் படுத்துக் கிடந்த எத்தனையோ நாள் அவர் நினைத்ததுண்டு. வாய்விட்டே சொன்னதுண்டு, கேட்க ஆள் இல்லாத தைரியத்தில். அந்த ஆள் இப்போது அவர் காலுக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தான். கால் நடுங்கியது. அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது, ஆனால் கைகள் ஸ்டியரிங்கை விட முடியாது.

ஜீப் இறக்கத்தின் விளிம்புக்கு வந்தது. நல்லதம்பியின் இடுப்பு மறைந்தது. பிறகு தோள். பிறகு தலையும் பானட்டுக்குக் கீழே போய்விட்டது. எதிரே வெறும் வானமும் மழையும்தான்.

கட்டிலில் மல்லாந்து கிடந்த மகளின் கை பக்கத்திலிருந்து வந்து அவர் சட்டையைப் பிடித்தது.

"யப்பா, அவுக தெரியிறாகளா?"

"தெரியிறாரு தாயி" என்றார் பெரியமுத்து. ஒன்றும் தெரியாத அந்த இறக்கத்தைப் பார்த்தபடி, பிரேக்கிலிருந்து காலைக் கொஞ்சமே கொஞ்சம் எடுத்தார்.